கோட்டையூர் வளவில் அப்பத்தாவும் மூன்று லென்ஸும்

“நான் போனப்புறம் மாட்டுறதுக்கு ஒரு நல்ல படமா எடுத்து வச்சிரு ஆத்தா. உங்க ஐயாவுக்குப் பண்ணுன மாதிரி எனக்கும் பண்ணிராதீக.”

போனில் அப்பத்தா இதைச் சொன்னது, ஊரில் மழை பெய்ததா, கொடுத்துவிட்ட முறுக்கு வந்து சேர்ந்ததா என்ற விசாரிப்புகளுக்கு நடுவில். 86 வயதில் சாவைப் பற்றிப் பேசுவது அவருக்குக் காய்கறி விலை பேசுவது மாதிரி. எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஐயாவுக்கு என்ன பண்ணினோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் அப்பாவை எங்கள் பக்கம் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். 12 வருடங்களுக்கு முன் அவர் இறந்தபோது, வீட்டிலிருந்த அத்தனை பெட்டிகளையும் கவிழ்த்துப் பார்த்தும் அவர் தனியாக இருக்கிற படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கடைசியில் யாருடைய கல்யாணத்திலோ எடுத்த குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் நின்றவரை வெட்டியெடுத்தார்கள். அதைப் பெரிதாக்கி, பின்னால் நீல வானத்தை ஒட்டி, சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். முகம் மெழுகில் செய்தது போல இருக்கும். தோளில், பக்கத்தில் நின்றவரின் இரண்டு விரல்கள் இன்னும் இருக்கின்றன. யாருடைய விரல்கள் என்று யாருக்கும் தெரியாது. 12 வருடமாக அந்த விரல்களுக்கும் சேர்த்துத்தான் மாலை போடுகிறோம்.

இன்னொரு அவசரமும் இருந்தது. காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் இருக்கும் அந்த வீடு எங்கள் கொள்ளுத்தாத்தா காலத்தது. பங்காளிகள் 11 பேர். அதில் 7 பேர் விற்றுவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். மீதிப் பேர் எத்தனை நாள் தாங்குவார்கள் என்று தெரியவில்லை. அப்பத்தாவை அந்த வீட்டில் வைத்து எடுக்க வேண்டுமானால் இந்த வருடம்தான்.

கேமரா என்னிடம் இருக்கிறது. நிக்கான் டி5600. கூடவே வந்த 18-55 லென்ஸும் இருக்கிறது. போன பொங்கலுக்கு அதை வைத்துத்தான் அப்பத்தாவை எடுத்துப் பார்த்தேன். வளவில் வெளிச்சம் குறைவு. அந்த லென்ஸை 55-க்கு நீட்டினால் அதன் அபர்ச்சர் 5.6-க்கு மேல் திறக்காது. ஐ.எஸ்.ஓ. 3200 வைத்தும் ஷட்டர் வேகம் 60-ல் ஒரு பங்கு வினாடிதான் கிடைத்தது. என் கை ஆடவில்லை. ஆடியிருந்தாலும் லென்ஸிலுள்ள அதிர்வு தடுப்பு பார்த்துக்கொள்ளும். ஆனால் அப்பத்தாவின் தலை லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். எதிரில் இருப்பவர் அசைந்தால் எந்த அதிர்வு தடுப்பும் உதவாது. 40 படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை.

அப்போதுதான் ‘ஃபாஸ்ட் லென்ஸ்’ தேடலில் இறங்கினேன். வேகமான லென்ஸ் என்றால் அது ஓடாது, ஆடாது. அதன் கண் பெரியது, அவ்வளவுதான். லென்ஸின் குவியத் தூரத்தை அதன் ‘எஃப்’ எண்ணால் வகுத்தால் அந்தக் கண்ணின் அகலம் வந்துவிடும். என் பழைய லென்ஸில் 55-ஐ 5.6-ஆல் வகுத்தால் 10 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான். 50 மி.மீ. எஃப் 1.8 என்றால் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர், பத்து ரூபாய் நாணயம் அளவு. 5.6-லிருந்து 1.8-க்குப் போனால் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அந்தப் பத்து மடங்கை வைத்து ஐ.எஸ்.ஓ.வையும் குறைக்கலாம், ஷட்டர் வேகத்தையும் கூட்டலாம்.

கேமரா ஃபீஸ் கேட்ட கதை

கணக்கெல்லாம் போட்டுவிட்டுக் கடைக்குப் போனவள், அவசரத்தில் ஒரு தப்பு செய்தேன். சென்னையில் ஒரு பழைய கேமரா கடையில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் சல்லிசாகக் கிடைத்தது. “உங்க கேமராவுக்கு அம்சமாப் பொருந்தும் மேடம்” என்றார் கடைக்காரர். பொருந்தியது. போனில் டார்ச் அடித்து லென்ஸுக்குள் பார்த்தேன். சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அதுதான் வழி. சென்னை ஈரக்காற்றுக்குப் பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். சுத்தமாக இருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மாட்டினால் கேமராவின் திரையில் ‘எஃப்.இ.இ.’ என்று மூன்று எழுத்து மின்னுகிறது. “லென்ஸ் வாங்கினதுக்கு கேமராவே ஃபீஸ் கேக்குதா?” என்றார் என் கணவர். அரைமணி நேரம் துழாவிய பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்த லென்ஸின் கழுத்தில் பழைய காலத்து அபர்ச்சர் வளையம் ஒன்று இருக்கிறது. அதை 22 என்ற எண்ணுக்குத் திருகிப் பூட்டினால்தான் கேமரா ஒத்துக்கொள்ளும். பூட்டினேன், எழுத்து மறைந்தது. ஆனால் ஃபோகஸ் ஆகவில்லை.

நான் வாங்கியது ‘டி’ வகை. அதற்குள் மோட்டார் கிடையாது. கேமரா உடம்பிலுள்ள மோட்டார்தான் அதைத் திருப்ப வேண்டும். என் டி5600-ல் அந்த மோட்டாரே இல்லை. நிக்கானின் 3000, 5000 வரிசைக் கேமராக்கள் எல்லாவற்றிலும் இதே கதைதான். அவற்றில் ‘ஏ.எஃப்.-எஸ்.’ போல உள்ளேயே மோட்டார் உள்ள லென்ஸ்தான் தானாக ஃபோகஸ் செய்யும். பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம். எனக்கு அது சில ஆயிரம் ரூபாய்ப் பாடம். கேனான் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அவர்களுடைய ‘ஈ.எஃப்.’ லென்ஸ்களில் மோட்டார் உள்ளேயே இருக்கும்.

திருப்பிக் கொடுக்கப் போனேன். “வித்த பொருளை வாங்கறதில்லை மேடம்” என்றார் அதே சிரிப்போடு.

ஆக, கையில் ஃபோகஸை நாமே திருக வேண்டிய ஒரு 50. ஆபீஸ் தோழியிடம் கெஞ்சி வாங்கிய ஒரு 35 மி.மீ. எஃப் 1.8. ‘போர்ட்ரெய்ட்டுக்கு 85-தான்’ என்று எல்லோரும் சொன்னதால், நான்கு நாளைக்கு வாடகைக்கு எடுத்த 85 மி.மீ. எஃப் 1.8. விலை கொடுத்து வாங்குவதென்றால் 85-க்கு, புது 50-ன் விலையைப் போல இரண்டு மடங்கு ஆகும். எஃப் 1.4 கொண்ட 85-ம் ஒன்று அலமாரியில் இருந்தது. விலையைக் கேட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, வெளியே வந்துவிட்டேன். 1.8-ஐ விட அது ஒன்றரை மடங்கு சொச்சம்தான் கூடுதல் வெளிச்சம் கொடுக்கும். விலை மட்டும் பல மடங்கு.

எழும்பூரில் பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறி மடியில் பையை வைத்துக்கொண்டேன். திருச்சி தாண்டும்போதே இருட்டிவிட்டது. புதுக்கோட்டையில் பாதி ரயில் காலியானது. காரைக்குடி ஸ்டேஷனில் சித்தப்பா டி.வி.எஸ். 50-யோடு நின்றுகொண்டிருந்தார். “இம்புட்டுப் பெரிய பையா? என்னாத்தா, கல்யாணத்துக்கா எடுக்க வந்திருக்க?”

இரண்டரை மீட்டர் தள்ளி

செட்டிநாட்டு வீட்டுக்குள் போனதில்லை என்றால் ஒரு வார்த்தை. தெருவில் திண்ணையும் முகப்பும். அதைத் தாண்டினால் வளவு: நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும் அந்த வரிசையில் ஒரு பங்கு. அதற்கும் பின்னால் இரண்டாங்கட்டு, அடுப்படி. பர்மாவிலிருந்து வந்த தேக்கில் தூண்கள். முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சில் இன்றும் பளபளக்கும் சுவர்கள். தரையில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் வார்ப்பதால்தான் அந்தக் கல்லுக்கு அப்படி ஒரு மினுமினுப்பு.

படம் எடுக்கிறவளுக்கு இதெல்லாம் வேறு மாதிரி கண்ணில் படும். வளவுக்கு வெளிச்சம் மேலிருந்து, முற்றம் வழியாக மட்டும்தான் வரும். காலை எட்டு மணிக்கு நேர் வெயில் உள்ளே இறங்காது. வெள்ளைச் சுவரில் பட்டு மெத்தென்று பரவும். பதினொன்றுக்கு மேல் முற்றத்தில் வெயில் கொதிக்கும், தாழ்வாரம் அதற்கு எதிரில் இருண்டு போகும். நமக்கு இருப்பது காலையில் ஓர் இரண்டு மணி நேரம்.

சனிக்கிழமை காலை வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் முடிந்ததும் 85-ஐ மாட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அப்பத்தா தாழ்வாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

என் கேமராவின் சென்சார் சிறியது. அதில் 85-ஐ மாட்டினால், பெரிய சென்சார் கேமராவில் 127 மி.மீ. லென்ஸ் காட்டும் காட்சி கிடைக்கும். இடுப்புக்கு மேல் ஒரு படம் வேண்டுமென்றால் இரண்டரை மீட்டருக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். எங்கள் தாழ்வாரத்தின் அகலமே எட்டடி. ஒவ்வோர் அடியாகப் பின்னால் போய், முற்றத்துக்குள் இறங்கிவிட்டேன். அங்கே நின்று பார்த்தால் படம் கண்ணைப் பறித்தது. முகம் மட்டும் தனியாக எழுந்து நிற்க, பின்னால் எல்லாம் வெண்ணெய் மாதிரி உருகிக் கிடந்தது.

அதன் பிறகு ஆரம்பித்தது கூத்து.

“அப்பத்தா, கொஞ்சம் வலது பக்கம் திரும்புங்க.”

“என்ன? தண்ணியா?”

“வலது பக்கம்!”

“அடுப்படியில மோரு இருக்கு பாரு.”

அப்பத்தாவுக்கு ஒரு காது மந்தம். இரண்டரை மீட்டர் தூரத்திலிருந்து நான் கத்தக் கத்த, அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. ஆதார் அட்டையில் இருக்கும் அதே முகம். கேமராவுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்றே அவருக்குத் தெரியவில்லை. முற்றத்து வெளிச்சத்துக்கு எதிராக நான் ஒரு கறுப்பு நிழல். முகம் மட்டும் போதும் என்று 2 மீட்டருக்கு நெருங்கினால் வேறு தொல்லை. அந்தத் தூரத்தில் எஃப் 1.8-ல் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர். முகத்தைச் சற்றுத் திருப்பினால் ஒரு கண் துல்லியம், மறு கண் மங்கல்.

லென்ஸின் மேல் குறை இல்லை. கல்யாண மேடையில், கூட்டத்தில், யாரும் அறியாமல் தள்ளி நின்று எடுக்க அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த சித்தியைத் தெருவிலிருந்து அதே 85-ல் எடுத்தேன். அவருடைய ஃபேஸ்புக் முகப்பில் இன்றுவரை அதுதான் இருக்கிறது.

சித்தப்பாவின் பேரன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தான். “எதுக்குக்கா இவ்வளவு கஷ்டம்? போன்லயே போர்ட்ரெய்ட் மோடு இருக்கே” என்று ஒரு தட்டு தட்டினான். திரையில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். அப்பத்தாவின் நெற்றியோரத்தில் பறக்கும் நரை இழைகளைச் சுவர் என்று நினைத்து அழித்திருந்தது போன். மடியிலிருந்த ஓலைக் கொட்டானில் பாதியைக் காணவில்லை. போன், முகம் எது பின்னணி எது என்று யோசித்து வெட்டுகிறது. லென்ஸ் யோசிப்பதில்லை, தூரத்தைப் பார்த்து மங்கவைக்கிறது. வாட்ஸ்அப்புக்கு அவன் படம் போதும். சுவரில் மாட்ட முடியாது.

அடுத்து 35. இதில் இடுப்புக்கு மேல் எடுக்க ஒரு மீட்டர் போதும். முகத்தை மட்டும் எடுக்க வேண்டுமானால் இரண்டடி தூரத்துக்குப் போக வேண்டும். அவ்வளவு கிட்டே போனதும் அப்பத்தாவின் மூக்கு முன்னால் வந்தது, காதுகள் பின்னால் ஓடின. இதற்கு லென்ஸைத் திட்டிப் பயனில்லை. எந்த லென்ஸானாலும் இரண்டடியில் நின்று பார்த்தால் முகம் அப்படித்தான் தெரியும். அப்பத்தாவே திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “என் மூக்கு எங்க அப்பச்சி மூக்கு. ஆனா இம்புட்டுப் பெருசில்ல.”

ஆக, காலை முழுக்க நான் தேடிக்கொண்டிருந்தது லென்ஸை அல்ல என்பது மெதுவாக உறைத்தது. அப்பத்தாவிடமிருந்து எவ்வளவு தூரத்தில் உட்கார வேண்டும் என்பதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அவர் என்னோடு சாதாரணமாகப் பேசும்போது எங்கள் இருவருக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கும்? ஒரு ஆள் படுக்கிற இடம். ஒன்றரை மீட்டர். என் கேமராவில் இடுப்புக்கு மேல் எடுக்க அந்தத் தூரத்தைக் கேட்கிற லென்ஸ் 50.

ஏமாந்து வாங்கிய அந்த 50.

முனீஸ்வரன் கோவில் தெரு

மதியம் வெளிச்சம் உதவாது என்பதால் சித்தப்பா வண்டியில் காரைக்குடிக்குப் போனோம். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இடித்த வீடுகளின் கதவுகள், தூண்கள், பீங்கான் ஜாடிகள், எனாமல் தூக்குகள், ரவிவர்மா படங்கள். வெளிநாட்டுக்காரர்கள் ஆசையாக விலை கேட்பார்கள். எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது வேறு. தன் வீட்டுத் தூணும் இங்கே வந்துவிடுமோ என்று சித்தப்பா பார்த்துக்கொண்டே வந்தார். அதை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு கடையின் பின்சுவரில் பழைய போட்டோக்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. தலைப்பாகை கட்டிய செட்டியார்கள். கழுத்து நிறைய நகையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்த ஆச்சிகள். பக்கத்தில் பூ ஜாடி, பின்னால் ஸ்டூடியோ திரை. எல்லோரும் இமைக்காமல் நம்மையே பார்க்கிறார்கள். ஒருவர் பெயரும் எழுதியில்லை.

“இவங்கல்லாம் யாருங்க?” என்றேன்.

“அது தெரியாதும்மா. ஜனங்க சட்டத்துக்குத்தான் வாங்குறாங்க. படத்தைக் கழட்டிட்டு கண்ணாடி மாட்டிக்கிறாங்க.”

போட்டோ பிடிக்கிற கலை வந்த புதிதில், வெயிலில் நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தால்தான் முகம் பதியும். 1840-ல் வியன்னாவில் யோசப் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர் கணக்குப் போட்டு, முகத்தை எடுப்பதற்கென்றே ஒரு லென்ஸை வடிவமைத்தார். ஃபோக்ட்லெண்டர் அதைச் செய்து விற்றது. எஃப் எண் 3.6 அளவில் இருந்தது. அதற்கு முன்பிருந்த லென்ஸ்களை விட அது பல மடங்கு வெளிச்சம் வாங்கியதால், மனிதர்கள் உட்கார வேண்டிய நேரம் வெகுவாகக் குறைந்தது. இன்று நாம் கடையில் கேட்கும் எஃப் 1.8-க்கெல்லாம் மூதாதை அதுதான். மனிதர் அசைவார், அதற்குள் எடுத்துவிட வேண்டும். 180 வருடத்துக்கு முந்தைய அந்தக் கவலைதான் எனக்கும்.

அங்கிருந்த ஆச்சி ஒருவரின் படத்தைச் சித்தப்பா வெகுநேரம் பார்த்தார். பிறகு, “நீ எடுக்கிற படத்துக்குப் பின்னால பேரு, ஊரு, வருஷம் எல்லாம் எழுதிரு” என்றார்.

தூண் வர வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு அப்பத்தா அறையிலிருந்து வெளியே வந்தபோது வீடு ஒரு நிமிடம் அமைதியானது. அரக்குக் கட்டம் போட்ட மஞ்சள் கண்டாங்கி கட்டியிருந்தார். ஐயா போனதிலிருந்து வெளிர் நிறச் சேலை தவிர வேறெதையும் அவர் தொட்டதில்லை. நெற்றியில் வழக்கமான திருநீறு. சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சித்தி அவரைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

“அந்தத் தூணு வரணும்” என்றார் அப்பத்தா. “பதினாறு வயசுல இந்த வீட்டுக்கு வந்த அன்னிக்கு அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் அழுதேன்.”

நாற்காலி வேண்டாம் என்று முடிவு செய்தேன். தூணை ஒட்டிப் பாய் விரித்து உட்காரவைத்தோம். நான் ஒன்றரை மீட்டரில் அதே தரையில். 50-ஐ மாட்டி முதல் படம் எஃப் 1.8-ல் எடுத்துப் பார்த்தால், தாடைக்கு அடியில் ஒரு சிவப்புச் சாயல். ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பு முகத்தில் அடிக்கிறது! சித்தப்பாவின் எட்டு முழ வேட்டியை மடித்து அவர் முன்னால் தரையில் விரித்தேன். சிவப்பு போனது, கண்ணுக்கடியிலிருந்த நிழலும் கூடவே போனது. லென்ஸுக்குக் கொட்டிய காசுக்கு நடுவே, அந்த வேட்டி செய்த வேலையை நான் மறக்கக் கூடாது.

சித்தி எட்டிப் பார்த்து, “தூண் எங்க?” என்றார். நியாயமான கேள்வி. எஃப் 1.8-ல் தூண் ஒரு பழுப்புத் தீற்றலாகிவிட்டது. பெரிய கண் இருக்கிறதே என்று எப்போதும் முழுசாகத் திறந்து வைப்பது, புது வண்டி வாங்கியவர் ஹார்னிலிருந்து கையை எடுக்காதது போலத்தான். எஃப் 4-க்குக் குறைத்தேன். தெளிவு 14 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கிடைத்தது. இரண்டு கண்ணும் துல்லியம், தூணின் செதுக்கு வேலையும் அடையாளம் தெரிகிறது. குறைந்த வெளிச்சத்தை ஈடுகட்டப் பாயையே மூன்றடி முற்றத்தின் பக்கம் நகர்த்தினோம். ஐ.எஸ்.ஓ. 1600-ல் ஷட்டர் வேகம் 125-ல் ஒரு பங்கு கிடைத்தது. தலையாட்டம் படத்தில் இல்லை.

ஃபோகஸ் மட்டும் கைவேலை. வியூஃபைண்டருக்குள் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி, சரியாக அமைந்தால் அசையாமல் எரியும். அதைப் பார்த்துப் பார்த்துத் திருகியதில் என் வேகம் பாதியானது. அது ஒரு வகையில் நல்லதாகிப் போயிற்று. நான் திருகிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அப்பத்தா பேசிக்கொண்டிருந்தார். ரங்கூனில் மரக்கடை வைத்திருந்த மாமனார் 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது நடந்தே ஊர் திரும்பிய கதை. அந்தக் கதையை இருபது தடவை கேட்டிருக்கிறேன். அவர் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு கேட்டது அதுதான் முதல் தடவை. 60 படங்களில் 9 தேறின.

கூடவே இன்னொன்றும் அகப்பட்டது. முடிந்தது என்று எழுந்தவர், உள்ளறையில் பெட்டியைத் திறந்து எதையோ தேடினார். வாசல் வழியாக மட்டும் வெளிச்சம். பின்னாலேயே போய், 50-ஐ முழுசாக 1.8-க்குத் திறந்து, ஐ.எஸ்.ஓ. 1600-லேயே 14 படம் எடுத்தேன். ஒன்றே ஒன்று ஃபோகஸில் விழுந்தது. ஐயாவின் பழைய விசிறி மடிப்பு அங்கவஸ்திரம் கையில், பாதி முகம் இருட்டில், என்னைப் பார்க்காமல் எதையோ பார்க்கிறார். பழைய 18-55-ல் இதற்கு ஐ.எஸ்.ஓ. 16,000-ஐ நெருங்க வேண்டியிருந்திருக்கும். முகம் முழுக்க மணல் தூவியது போல ஆகியிருக்கும். வளவில் எடுத்த படத்துக்கு வேகமான லென்ஸ் அவ்வளவு அவசியமில்லை என்று நீங்கள் சொன்னால் ஒத்துக்கொள்வேன். இந்தப் படத்துக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்பத்தா திரையில் இரண்டையும் பார்த்தார். தூணோடு இருப்பதைத் தேர்ந்தெடுத்தார். இன்னொன்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது மாட்டுற படமில்ல, நீ வச்சுக்க” என்று கேமராவைத் திருப்பிக் கொடுத்தார்.

சென்னைக்கு வந்ததும் முதல் வேலையாக 85-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 50 மி.மீ. எஃப் 1.8 ‘ஏ.எஃப்.-எஸ்.’ வாங்கினேன். இந்த முறை எழுத்தை இரண்டு தடவை படித்தேன். எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் பழைய டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ்கள் செகண்ட் ஹேண்டில் நிறைய வருகின்றன. நல்லதாகப் பார்த்து வாங்க இது சரியான நேரம். உங்கள் வீட்டில் கூடம் பெரிது, எடுக்கப் போவது ஓடியாடும் பிள்ளைகளை, மொட்டை மாடியில், பூங்காவில் என்றால் 85-ஐப் பாருங்கள். ஃபிளாட்டில், நாற்காலிக்கும் சோபாவுக்கும் நடுவில் என்றால், வாங்குவதற்கு முன் கிட் லென்ஸை 50-ல் நிறுத்தி ஒரு நாள் வீட்டுக்குள் சுற்றுங்கள். முதுகு சுவரில் இடிக்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தைய நாள் நடந்ததைச் சொல்ல விட்டுவிட்டேன். திங்கள் காலை எட்டு மணிக்குக் கண்விழித்து வளவுக்கு வந்தால், தாழ்வாரத்தில் பக்கத்து வீடுகளின் ஆச்சிகள் நான்கு பேர் குளித்து, திருநீறு பூசி, வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். வேட்டி ஏற்கெனவே விரித்தாகிவிட்டது. அப்பத்தா யாரை எங்கே உட்காரவைப்பது என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம், ஒவ்வொருவரிடமும் ஒரு கதை. படத்துக்குப் பின்னால் எழுத, சித்தப்பா ஒரு நோட்டில் பெயரும் ஊரும் குறித்துக்கொண்டே வந்தார்.

கடைசியாக உட்கார்ந்த ஆச்சிக்கு அப்பத்தாவை விட இரண்டு வயது மூப்பு. கேமராவை உயர்த்தியதும் கையை நீட்டித் தடுத்தார்.

“எனக்குச் சிரிச்ச மாதிரி எடுக்காத ஆத்தா. கொஞ்சம் முறைச்ச மாதிரி இருக்கட்டும். நான் போனப்புறமும் மருமக பயப்படணும்ல!”